குறைமாதப் பிள்ளைக்கு உம்மாவின் நெஞ்சும் மருந்துதான்

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த ஒழுங்கைக்கே சந்தோஷம். "என்ன பிள்ளை? யாருடைய சாயல்?" என்று கேட்டு வருகிறவர்களால் வாசல் நிறைந்துவிடும். ஆனால் மாதம் நிரம்புவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டால்? வீடு அப்படியே அடங்கிப் போகிறது. "பிள்ளை இருக்குமா?" என்ற கேள்வியை எல்லோரும் மனதுக்குள் புதைத்துக்கொண்டு, பெற்றவளிடம் மட்டும், "நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள். நீ வீட்டுக்கு வந்து படு" என்கிறார்கள்.

அன்புச் சகோதரிகளே! இந்த வார்த்தையில் அன்பு நிறைய இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான் இருக்கிறது. டொக்டர்மாரும் தாதிமாரும் பார்த்துக்கொள்வார்கள் என்பது சரி. பெற்றவளுக்கு அங்கே வேலை இல்லை என்பது பிழை. குறைமாதப் பிள்ளையின் சிகிச்சையில் உம்மாவின் கை, குரல், பால், நெஞ்சின் சூடு எல்லாமே பங்கு பெறுகின்றன. அவளை வீட்டில் படுக்க வைத்துவிட்டால், பிள்ளைக்கு அந்தப் பங்கு கிடைக்காமல் போகிறது. இதை உம்மாமார் மட்டுமல்ல, உம்மம்மாமாரும் மாமிமாரும் வாப்பாமாரும் அறிந்திருக்க வேண்டும்.

எது குறைமாதம்?

கர்ப்பம் 37 கிழமை நிறைவடையும் முன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள். 32 கிழமைக்கு முன் பிறந்தால் மிகவும் குறைமாதம். 28 கிழமைக்கும் முன் பிறந்தால் இன்னும் ஆபத்து அதிகம். இது ஏதோ நம் வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடி 34 இலட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தார்கள். அதாவது பத்துப் பிள்ளைகளில் ஒன்று.

ஏன் இப்படி ஆகிறது? தாய்க்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கலாம். சீனி வியாதி, கிருமித் தொற்று, இரட்டைப் பிள்ளைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. பல வேளைகளில் காரணமே தெரிவதில்லை. ஆனால் நம் வீடுகளில் முதலில் வருவது, "பாரம் தூக்கினாயா? எங்கே போய் வந்தாய்?" என்ற விசாரணைதான். ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒரு பெண்ணை இந்தக் கேள்விகள் என்ன பாடுபடுத்தும் என்று சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மனம் உடைந்த தாய்க்குப் பால் இறங்குவதும் சிரமப்படும். ஆகவே அந்த விசாரணையை முதலில் நிறுத்துங்கள்.

கருவறையும் கண்ணாடிப் பெட்டியும்

மட்டக்களப்பு வாவியின் கரையில் வாழும் நமது ஊர்களில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே 'பீ.பீ.யூ.' என்று சொல்லும் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில், இன்கியூபேட்டர் எனப்படும் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையை வைக்கிறார்கள். பெட்டி சூட்டைக் கொடுக்கும். மூச்சுக்கு ஒட்சிசன், பாலுக்குக் குழாய், மருந்துக்கு ஊசி. இவை இல்லாவிட்டால் பல பிள்ளைகள் பிழைக்க மாட்டார்கள். இதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் பிள்ளை எந்த இடத்திலிருந்து இங்கே வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். கருவறை இருட்டானது. உம்மாவின் இதயத் துடிப்பும் குரலும் மட்டும் கேட்கும் இடம். கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்க, நாலா பக்கமும் ஒரு அணைப்பு. இங்கேயோ பளீரென்ற வெளிச்சம், இயந்திரங்களின் மணியோசை, பெட்டியின் கதவைச் சாத்தும் சத்தம், அடிக்கடி ஊசிக் குத்து. வயிற்றில் இருக்க வேண்டிய கடைசி மாதங்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. அந்த வளர்ச்சி இப்போது இந்தச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே நடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பணியாற்றிய ஹைடலிஸ் ஆல்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இதைக் கூர்ந்து கவனித்தவர். குறைமாதப் பிள்ளை பேசாவிட்டாலும் தன் உடலால் பேசுகிறது, அதைப் பார்த்து நமது பராமரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். 1986இல் வெளிவந்த அவரது ஆய்வுக்குப் பிறகு பல நாடுகளில் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். சத்தத்தை அடக்கினார்கள். பிள்ளை தூங்கும்போது எழுப்பாமல், வேலைகளை ஒன்று சேர்த்துச் செய்யப் பழகினார்கள். பெற்றோரையும் உள்ளே அழைத்தார்கள்.

பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள்

இந்தப் பேச்சை நீங்களும் படித்துக்கொள்ளலாம். பிள்ளை விரல்களை அகல விரிக்கிறதா? முதுகை வளைத்து விறைக்கிறதா? நிறம் மாறுகிறதா? அடிக்கடி விக்கல், தும்மல், கொட்டாவி வருகிறதா? முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? "எனக்குப் போதும், கொஞ்சம் விடுங்கள்" என்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். கையை வாய்க்குக் கொண்டுபோகிறதா? உங்கள் விரலைப் பிடித்துக்கொள்கிறதா? முகம் இளகி, கைகால் மடங்கி அமைதியாகக் கிடக்கிறதா? "இது எனக்குப் பிடித்திருக்கிறது" என்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையை விரல் நுனியால் தடவாதீர்கள். அதன் மெல்லிய தோலுக்கு அது கூச்சத்தையும் தொந்தரவையும்தான் தரும். கையை நன்றாகக் கழுவி, உள்ளங்கையைச் சூடாக்கி, ஒரு கையைத் தலையிலும் மறு கையை மடக்கிய கால்களிலும் வைத்து, அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். கருவறையின் அணைப்பு அதற்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கும். ஊசி போடும் நேரத்தில் இப்படிப் பிடித்திருந்தால் நோவும் குறையும். தாதியிடம் கேட்டால் காட்டித் தருவார்.

பொகோட்டாவிலிருந்து டில்லி வரை

தாயை உள்ளே விட வேண்டும் என்ற எண்ணம் வசதி படைத்த நாடுகளில் மட்டும் பிறந்ததல்ல. வசதி போதாத இடங்களில்தான் அது வேரூன்றியது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் 1978ஆம் ஆண்டு இன்கியூபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல பிள்ளைகள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்று, மரணம். அப்போது எட்கர் ரேய் என்ற டொக்டர், நிலை தேறிய சிறு பிள்ளைகளை உம்மாவின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போல இருந்ததால் 'கங்காருத் தாய் பராமரிப்பு' என்று அதற்குப் பெயர் வந்தது.

அடுத்த ஆண்டு, 1979இல், எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் அடிக் லெவின் என்ற டொக்டர் தாதிமார் போதாத நிலையில் தாய்மாரையே இரவு பகலாகப் பிள்ளையோடு தங்க வைத்துப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார். கனடாவிலும் பெற்றோர் நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணித்தியாலம் பிள்ளையோடு இருந்து, தாதியின் வழிகாட்டலில் பராமரிக்கும் முறையைத் தொடங்கினார்கள். கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் இது சோதிக்கப்பட்டு 2018இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகளின் நிறை நன்றாகக் கூடியது, பெற்றோரின் மன அழுத்தம் குறைந்தது. நமது அயல் நாடான இந்தியாவில், டில்லியின் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் இப்படிப் பெற்றோரைப் பயிற்றுவித்தார்கள். 2017இல் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சு குடும்பத்தார் பங்குபெறும் பராமரிப்புக்கென்று வழிகாட்டி நூலே வெளியிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று 2021இல் வந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள 3211 பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினரைப் பிறந்த உடனேயே உம்மாவின் நெஞ்சில் வைத்தார்கள், உம்மாவையும் அதே பிரிவில் தங்க வைத்தார்கள். மறு பகுதியினரை வழக்கம் போல நிலை தேறிய பிறகு வைத்தார்கள். முதல் 28 நாட்களில், வழக்கமான முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பிள்ளைகள் மரணித்தார்கள். உடனே நெஞ்சில் வைத்த முறையில் 12 பிள்ளைகள். நூறு வீடுகளில் நான்கு வீடுகளின் கண்ணீரைத் துடைத்தது, விலை கொடுத்து வாங்காத உம்மாவின் நெஞ்சுச் சூடு! இதன் பிறகு, 2022இல், பெற்றவுடனேயே இந்தப் பராமரிப்பைத் தொடங்க வேண்டும், குடும்பத்தாரையும் அன்றாடப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

நெஞ்சில் எப்படி வைப்பது?

பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, நப்பி மட்டும் போதும். உம்மாவின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, தவளை போலக் கைகால்களை மடக்கி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கும் வாயும் அடைபடாமல், கழுத்து முன்னால் மடங்காமல் பார்த்து, துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். முதல் தடவை தாதியின் கையால்தான் வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் முதல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இந்த அணைப்பில் பிள்ளையின் சூடு நிலைக்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் சீராகின்றன. ஆழ்ந்த தூக்கம் வருகிறது. உம்மாவுக்குப் பாலும் ஊறுகிறது.

வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையையும் மிகவும் மோசமான நிலையில் உள்ள பிள்ளையையும் உடனே இப்படி வைக்க முடியாது. அதை டொக்டர்தான் முடிவு செய்வார். அதுவரை மேலே சொன்ன கை அணைப்பு உங்களுக்கு இருக்கிறது.

"எத்தனையோ பேர் வந்து போகும் இடத்தில் எப்படி?" என்று நீங்கள் தயங்குவது விளங்குகிறது. முன்பக்கம் திறக்கும் தளர்ந்த சட்டையை உடுத்து, மேலே ஒரு பெரிய சால்வையையோ அபாயாவையோ போர்த்திக்கொண்டால் போதும். திரை போட்டுத் தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பால் - துளியானாலும் மருந்து

34 கிழமைக்கு முன் பிறந்த பல பிள்ளைகளுக்கு உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்செடுப்பதையும் ஒன்றாகச் செய்யத் தெரியாது. "பிள்ளை குடிக்காதே, பிறகு எதற்குப் பால்?" என்று விட்டுவிடாதீர்கள். பெற்ற முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே கையால் பிழிந்தெடுக்கத் தொடங்குங்கள். நாளொன்றுக்கு 8 தடவைக்குக் குறையாமல், இரவிலும் ஒரு தடவையாவது எடுங்கள். முதல் நாட்களில் சில துளிகள்தான் வரும். அந்த மஞ்சள் நிறச் சீம்பாலை வீசிவிடாதீர்கள். அதை வாயில் ஒரு துளி தடவினாலும் பயன் உண்டு. குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் அந்தப் பிள்ளைக்கு ஏற்றபடி புரதம் கூடுதலாக இருப்பதும், இந்தப் பிள்ளைகளின் குடலைத் தாக்கும் கொடிய நோயிலிருந்து தாய்ப்பால் காப்பதும் றப்புல் ஆலமீனின் ஏற்பாடு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வேறொரு பெண்ணின் பால் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தால், டொக்டரிடம் கேளுங்கள். கொடுப்பவர் யார் என்பதையும் குறித்து வையுங்கள். பால்குடி உறவு நமது மார்க்கத்தில் திருமண விலக்கு வரை செல்லும் உறவு என்பதை மறந்துவிடக் கூடாது.

நாற்பது நாளும் நமது வழக்கங்களும்

இனிதான் முக்கியமான இடம். பெற்றவள் நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது, காற்றுப் படக் கூடாது, சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது நமது பழக்கம். அந்த ஓய்வும் நல்ல சாப்பாடும் அவளுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்தப் பழக்கத்தையே காரணம் காட்டி அவளைப் பிரித்து வைத்தால், பிள்ளைக்கும் நட்டம், தாய்க்கும் நட்டம். நிபாஸ் நாட்களில் தொழுகையும் நோன்பும்தான் இல்லை. பிள்ளையைத் தொடவோ, பால் கொடுக்கவோ, நெஞ்சில் சுமக்கவோ, துஆக் கேட்கவோ எந்தத் தடையும் இல்லை. டொக்டர் அனுமதித்தால் அவள் பிள்ளையிடமே இருக்கட்டும். சரக்குக் கறியும் சோறும் அவளைத் தேடிப் போகட்டும்.

இங்கே நமது கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு அல்லாஹ் ஒரு வசதியைத் தந்திருக்கிறான். பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருக்கும் ஊர்கள் நம்முடையவை. உம்மா, ராத்தா, சாச்சி எல்லோரும் பெற்றவளுக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறார்கள். ஒருவர் மூத்த பிள்ளைகளைப் பார்க்கட்டும். ஒருவர் சமைக்கட்டும். ஒருவர் சாப்பாட்டுச் சட்டியோடு போய் வரட்டும். ஏறாவூரிலிருந்து பஸ் ஏறினாலும், காத்தான்குடியிலிருந்து கல்லடிப் பாலம் கடந்து போனாலும், தினமும் யாராவது ஒருவர் அவளருகே இருக்க வேண்டும். உம்மாவுக்குக் காய்ச்சலோ அழுத்தமோ இருந்தால், பிரிவு அனுமதிக்கும்போது உம்மம்மாவும் தன் நெஞ்சில் பிள்ளையை வைத்திருக்கலாம்.

வாப்பாவும் அப்படியே. "ஆண் பிள்ளை இதைச் செய்வதா?" என்று சிரிக்க வேண்டாம். அவரது நெஞ்சிலும் அதே சூடு இருக்கிறது. கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பா, பிள்ளையின் படத்தை மட்டும் கேட்காமல், பெற்றவளிடம் தினமும் நாலு நல்ல வார்த்தை பேசட்டும். அதுவும் உதவிதான்.

மற்ற வழக்கங்களையும் கொஞ்சம் யோசிப்போம். பாங்கை மெல்லிய குரலில் காதருகே சொல்லுங்கள். குறைமாதப் பிள்ளையின் காதுக்கு மெல்லிய ஓசையே போதும். பேரீச்சம்பழச் சாற்றை நாவில் தடவும் தஹ்னீக்கை டொக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். தேன் ஒரு வயது முடியும் வரை எந்தப் பிள்ளைக்கும் கூடாது, கடும் நஞ்சாகும் கிருமி அதில் இருக்கலாம். தலைமுடி இறக்கவும் அகீகாவுக்கும் அவசரப்பட வேண்டாம், பிள்ளை தேறி வந்த பிறகு செய்யலாம். கயிறு, தாயத்து, வசம்பு, சுருமா, சாம்பிராணிப் புகை எதையும் இந்தப் பிள்ளையின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கூட்டமாகப் பார்க்கப் போவதையும் விடுங்கள். தடிமன், காய்ச்சல் உள்ளவர் எட்டி நிற்பதே அன்பு.

தாதியிடம் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு இருக்கும். தாதிமாரின் வேலைப் பளுவும் அதிகம். ஆகவே பணிவாகக் கேளுங்கள். "மிஸ், நான் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம்? பிள்ளையை நெஞ்சில் வைக்க எப்போது முடியும்? இன்று நிறை எவ்வளவு? குழாய் வழியாகப் பால் கொடுக்கும்போது நான் பிடித்திருக்கலாமா? நப்பி மாற்ற எனக்குக் காட்டித் தருவீர்களா?" இப்படிக் கேட்கும் தாய், வீட்டுக்குப் போகும் நாளில் பயப்பட மாட்டாள். பிள்ளையைப் பராமரிக்க அவள் ஏற்கெனவே கற்றிருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டிலும் நெஞ்சில் வைப்பதைத் தொடருங்கள். தூங்க வைக்கும்போது மல்லாக்க, தட்டையான படுக்கையில், தலையணையும் சுருட்டிய துணியும் இல்லாமல் படுக்க வையுங்கள். கண் விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை பிறந்து ஏறத்தாழ 4 கிழமையில் செய்ய வேண்டியது. அந்த நாளைத் தவறவிட்டால் பார்வையே போகலாம். காதுப் பரிசோதனையும் முக்கியம். தடுப்பூசி பிறந்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் கழுத்து நிற்பதையும் உட்காருவதையும் குறைந்த மாதத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள். 8 கிழமை முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு 6 மாதம் என்றால், அதன் வளர்ச்சியை 4 மாதப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள்.

நமது நாட்டில் மருத்துவமாது வீடு தேடி வந்து பார்ப்பது பெரிய பாக்கியம். பிள்ளை வந்த செய்தியை அவரிடம் உடனே சொல்லி, பதிவுப் புத்தகத்தைக் காட்டுங்கள். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், மூச்சு நின்று நின்று வந்தால், நீலம் பாய்ந்தால், உடல் குளிர்ந்தால் அல்லது காய்ந்தால், மஞ்சள் கூடினால் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சகோதரிகளே! அடுத்த முறை உங்கள் ஒழுங்கையில் ஒரு குறைமாதப் பிள்ளை பிறந்த செய்தி கேட்டால், "பாவம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். அந்த வீட்டுக்குப் போய், "மூத்த பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளையிடம் போய் இரு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு உயிருக்குத் துணை நிற்கக் கூடும். சின்னஞ்சிறு உயிர்களுக்கு வல்ல நாயன் நீடித்த ஆயுளையும், அவர்களைச் சுமக்கும் நெஞ்சங்களுக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.